கட்டாயம்

நான் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பஸ்ஸில் ஏறி நின்று ஒரு பார்வை பார்த்தால், டிக்கெட் எடுக்காதவன் எவன் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அவன்தான் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாக வேடிக்கை பார்ப்பான். வேலை போன பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. "பூசையில உக்காந்துகூட எவன் ஓசியில வந்திருக்கான்னு பாக்குற ஆளு இவரு" என்று என் மனைவி ரோசலின் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பெயர் ஆண்டனிராஜ் என்றாலும் ஊருக்கு நான் 'செக்கிங்'தான். அப்பேர்ப்பட்ட நான், கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற கதை இது.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம், ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே. ஊருக்கு மேற்கே, தொண்ணூற்றாறில், மக்காச்சோளத்திலிருந்து ஸ்டார்ச் மாவு எடுக்கிற மில் ஒன்று வந்தது. சோளம் ஊற வைத்து வடித்த தண்ணீரை விடுவதற்கு ஒரு பெரிய குளம் வெட்டினார்கள். அந்தத் தண்ணீர் அங்கேயே கிடந்து அழுகும். உலையில் கஞ்சி கொதிப்பது போல மேலே கொப்புளம் கொப்புளமாக வெடித்துக்கொண்டே இருக்கும். புளித்த மாவும் கூமுட்டையும் சேர்ந்த நாற்றம். ஆனி, ஆடியில் மேல்காற்று கிளம்பினால் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். வெளியூர்க்காரர்கள் "உங்களுக்குப் பழகிப் போயிருக்கும்" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். யாருக்கும் பழகவில்லை. போவதற்கு வேறு இடமில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரே மகள், ரீனா. நத்தத்தில் வாத்தியார் வேலை பார்க்கும் ஸ்டீபன்ராஜுக்குக் கட்டிக் கொடுத்தோம். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டு, முறைப்படி வீட்டுக்கு அழைத்து வந்தோம். வேதத்துக்கு மாறி எத்தனை தலைமுறை ஆனாலும் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் மாற்றம் கிடையாது. ரோசலின் சுக்கு, மிளகு, பூண்டு, காயம் என்று டப்பா டப்பாவாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓங்கரிக்க ஆரம்பித்தது. கன்னியாக இருக்கும்போது இதே நாற்றத்தில் படித்து, இதே நாற்றத்தில் பூக்கட்டிய பிள்ளைதான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மூக்கு வேறு மூக்காகிவிடும் போல. தண்ணீர்கூடத் தங்கவில்லை. இரண்டாம் நாள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே படுத்துக் கிடந்தது. அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. மருமகன் வந்தார், மரியாதையாகவே பேசினார், மரியாதையாகவே அழைத்துக்கொண்டு போனார். சம்பந்தியம்மாள்தான் போனில் ஒரு வார்த்தை சொன்னாள்: "ஒங்க வீட்டுல வச்சுப் பாக்கத் தோதுப்படாதுன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

குழந்தை நத்தத்தில் பிறந்தது. பத்தியம் வைத்துக் கொடுக்க ரோசலின் அங்கே போய் இருந்தாள். திரும்பி வந்தவள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எம் மவளுக்குப் பத்தியக் கொழம்பு வைக்க, இன்னொருத்தி அடுப்படியில நின்னுக்கிட்டு, உப்பு எங்கன இருக்கு, புளி எங்கன இருக்குன்னு ஒவ்வொண்ணாக் கேட்டேங்க" என்றாள். பிறகு எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "அடுத்த பேறு இந்த வீட்டுலதான். அந்தக் குளத்தை மூடாம நான் விட மாட்டேன்" என்றாள்.

சொன்னதைச் செய்தாள். அதுவரை கோயில் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள், திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் மனுவோடு நின்றாள். மனுவில் முதல் பெயர் அவளுடையது. பிறகு ஊரே கையெழுத்துப் போட்டது. அதிகாரிகள் வந்தார்கள், மூக்கைப் பொத்தினார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாயிரத்து ஆறு முடிகிற சமயத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஆர்டர் வந்தது. ஆறு மாதத்துக்குள் மில் அந்தக் குளத்தை மூடித் தீர வேண்டும். ரோசலின் ஊருக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

மில்காரன் தவணை கேட்டான், கிடைத்தது. மறுபடி கேட்டான், மறுபடியும் கிடைத்தது. போர்டு மாட்டி டிரைவர் இல்லாமல் நிற்கிற பஸ் மாதிரி அந்த ஆர்டர் நின்றது. ஆனாலும் ஒரு பயம் இருந்தது அவனுக்கு. கண்துடைப்புக்காகக் குளத்தில் தண்ணீரை அடித்துக் கிளப்புகிற சக்கரங்களை இறக்கி ஓடவிட்டான். தண்ணீருக்குள் காற்றுப் போனால் அழுகல் குறையுமாம். குறையவும் செய்தது. நாற்றம் பாதியானதில் ஊர் முழுசாக மூச்சு விட்டது.

அப்படியிருக்கும்போதுதான் மதியழகன் வந்தான். தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், சென்னையில் ஏதோ ஆலோசனைக் கம்பெனியில் வேலை. மில்காரன் அவர்களை அமர்த்தியிருந்தான். தங்கமான பையன், அதையும் சொல்லிவிட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் என் கண்ணைப் பார்த்துப் பேசினான்.

"ஐயா, அந்தக் குளத்துல கொப்புளம் விடுதில்லீங்க, அது ஒரு கேஸுங்க. வானத்துக்குப் போயி பூமியைச் சூடாக்குது. குளத்து மேல தடிமனா ஷீட்டு போட்டு மூடி, அந்தக் கேஸைப் பிடிச்சு பாய்லர்ல எரிச்சுட்டா, ஊருக்கும் நாத்தமில்லை, உலகத்துக்கும் கெடுதலில்லீங்க."

"மூடுங்க தம்பி. அதத்தானே நாங்களும் சொல்றோம்."

"செலவு அதிகமுங்க. அதுக்குத்தான் ஒரு வழி வந்திருக்குது. ஐரோப்பாவுல ஒவ்வொரு பாக்டரிக்கும் இவ்வளவுதான் புகை விடலாம்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. அளவு தாண்டுனவன், நம்மளை மாதிரி குறைக்கிற ஊர்ல இருந்து, குறைச்சதுக்கான சர்டிபிகேட்டை வாங்கிக் கணக்குக் காட்டிக்கலாமுங்க. அதுக்குப் பேரு கார்பன் மார்க்கெட்."

நான் கொஞ்சம் யோசித்தேன். "அதாவது, பஸ்ஸுல ஏறுறது அவன். டிக்கெட்டு எடுக்குறது நாம."

அவன் சிரித்துவிட்டான். "கிட்டத்தட்ட அப்படித்தானுங்க."

இதற்குத்தான் என் சர்வீஸ் முழுக்க அபராதம் போட்டேன். இப்போது அதற்கு ஒரு மார்க்கெட்டே வைத்துவிட்டார்கள். இருந்தாலும் குளம் மூடினால் சரி என்று காபி கொடுக்கச் சொன்னேன். காபியைக் குடித்து முடித்த பிறகுதான் அவன் வந்த விஷயத்தைச் சொன்னான்.

"ஒண்ணே ஒண்ணுங்க. அம்மா வாங்குன அந்த ஆர்டர் இருக்கக் கூடாதுங்க."

ரோசலின் அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. மில்லு தானா முன்வந்து மூடுனாத்தான் அந்தக் காசு வருமுங்க. சட்டத்தோட கட்டாயத்துல மூடுனா வராது. நீ எப்படியும் மூடித்தானே ஆகணும், அதுக்கு நாங்க எதுக்குப் பணம் தரணும்னு கேப்பாங்க. ஆர்டர் இருந்தா திட்டமே இல்லீங்க."

எனக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணமே, அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான். எப்படியும் செய்ய வேண்டியதைச் செய்வதற்கு எவன் கூலி கொடுப்பான்? ஆனால் அந்த நியாயத்தின்படி பார்த்தால், என் மனைவி அலைந்து அலைந்து வாங்கிய ஆர்டர்தான் குளம் மூடுவதற்கு இப்போது தடை. "நாங்க கத்தாம இருந்திருந்தா இந்நேரம் மூடியிருப்பீங்க, அப்படித்தானே?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த வாரம் சக்கரங்கள் நின்றன. ஓடிப்போய்க் கேட்டதற்கு மில் மேனேஜர் சொன்னார்: இந்தக் குளத்திலிருந்து வழக்கமாக எவ்வளவு கேஸ் வரும் என்று இப்போது அளந்து காட்ட வேண்டுமாம். சக்கரம் ஓடினால் கேஸ் குறைவாக வரும். குறைவாக வந்தால் பிற்பாடு குறைத்ததாகக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆக, இப்போது எவ்வளவு நாறுகிறதோ அவ்வளவுக்கு நாளை லாபம். "ஏய்யா, இது எந்த ஊரு நாயம்?" என்று சத்தம் போட்டேன். வாட்ச்மேன் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான். அவனும் எங்கள் ஊர்க்காரன்தான். மூக்கில் துண்டு கட்டியிருந்தான்.

ஊர் மனுவை வாபஸ் வாங்கினால் ஆர்டர் தானாகப் போய்விடும் என்று மில்லில் சொல்லி அனுப்பினார்கள். வாங்கவே கூடாது என்று நான் சொன்னேன். ரோசலின்தான் மறுத்தாள்.

"ஆர்டர் வந்து எம்புட்டு நாளாச்சுங்க? அது வந்து மூடுச்சா? சட்டத்துக்குப் பயந்து மூடாதவன் காசுக்கு ஆசைப்பட்டு மூடுவான். எனக்கு எப்படி மூடுனா என்ன? ரீனா வந்து இந்தப் பின்னறையில படுக்கணும், அம்புட்டுத்தான்."

அவள் போய் முதல் ஆளாக வாபஸ் எழுதிக் கொடுத்தாள். ஊரும் கொடுத்தது. ஆர்டரை முடித்து வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஊர்க் கூட்டம். ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்டதாகக் காட்டுவது திட்டத்தின் விதியாம். கோயில் பள்ளிக்கூட ஹாலில் போண்டா, டீ, மைக், போட்டோ எல்லாம் உண்டு. பேசுவதை எல்லாம் பதிவு செய்ய ஒரு டேப் ரிக்கார்டர். மேனேஜர் கார்பன் பற்றிக் கொஞ்சம் பேசினார். போண்டா வருகிற நேரத்தில் ரோசலின் எழுந்தாள்.

"எப்ப சார் மூடுவீங்க?"

"சீக்கிரம் மூடிருவோம்மா."

"சீக்கிரம்னா?"

"எங்களால ஆன முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"அந்தக் கதையெல்லாம் வேணாம் சார். கட்டாயம் மூடுவோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க ஆளுக எல்லாம் கேக்கட்டும்."

"ஆமா, சொல்லச் சொல்லு!" என்று பக்கத்து வீட்டுக் கருப்பணன் பின்னால் இருந்து குரல் கொடுத்தான். ஹாலே பிடித்துக்கொண்டது. மேனேஜர் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "கட்டாயம் மூடுவோம்! கட்டாயம், கட்டாயம், கட்டாயம்! போதுமாம்மா?" என்றார். ஒரே கைத்தட்டல்.

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தை இல்லாமல் ஒரு காரியமும் இல்லை. பத்திரிகை வைக்கிறவன் "கட்டாயம் வந்துரணும்" என்பான், வாங்குகிறவன் "கட்டாயம்" என்பான். போகிறவனும் அதையேதான் சொல்வான், போகாதவனும் அதையேதான் சொல்வான். மதியழகன் அப்போது பெண்கள் வரிசைக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் காதிலும் அது சாதாரண வார்த்தையாகத்தான் விழுந்திருக்கும்.

இரண்டாயிரத்து எட்டு ஆடியில் லாரியில் கறுப்பு ஷீட் வந்து இறங்கியது. குளத்துக் கரையில் சுருள் சுருளாக அடுக்கி வைத்தார்கள். ரோசலின் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்ல கனமாத்தாங்க இருக்கு" என்றாள். பின்னறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். ஆனால் ஷீட்டை விரிக்கவில்லை. வெளிநாட்டில் திட்டம் பதிவாக வேண்டும், அதற்கு முன்னால் கை வைக்கக் கூடாது என்றார்கள்.

ஐப்பசி வாக்கில் மதியழகன் வந்தான். முகமே சரியில்லை.

கூட்டத்து டேப்பை யாரோ ஒரு பெண் சென்னை ஆபீசில் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள். அகராதிப்படி சரியாகவே எழுதியிருக்கிறாள். குளத்தை மூடுவது கட்டாயம் என்று நிர்வாகம் நான்கு முறை அழுத்தமாகக் கூறியது, பொதுமக்கள் கைதட்டி வரவேற்றனர். அதைச் சரிபார்க்கிற வெள்ளைக்காரன் அந்த இடத்தில் பிடித்துக்கொண்டான். கட்டாயமா? எந்தச் சட்டப்படி கட்டாயம்? எந்த அதிகாரி கட்டாயப்படுத்தினார்? கட்டாயம் என்றால் பிறகு எதற்கு எங்கள் பணம்?

"ஐயா, திண்டுக்கல்ல கட்டாயம்னு சொன்னா கட்டாயம் ஒண்ணும் இல்லீன்னு ஊர்ல நாலு பேரு எழுதிக் குடுக்கணுமுங்க" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோசலின் சிரிக்கவில்லை. "நான்தான தம்பி அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னேன்?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். "கெட்டியா இருக்கட்டும்னுதான சொல்லச் சொன்னேன்."

"உங்க மேல தப்பில்லீங்கம்மா. நான் படிச்சுப் பாத்திருக்கோணும்" என்றான் அவன். அவனுடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

எழுதிக் கொடுத்தோம். பங்குச்சாமியார், பள்ளிக்கூட வாத்தியார், நான், கருப்பணன். தமிழில் கட்டாயம் என்பதற்கு 'நிச்சயம்' என்றும் பொருள் உண்டு என்று நாலு கையெழுத்து. அதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரன் மறுபடியும் கேட்டானாம்: அப்படியானால், இந்தப் பணம் வராவிட்டாலும் நிச்சயம் மூடுவார்களா? நிச்சயம் என்றால் பணம் வராது, நிச்சயமில்லை என்றால் நாங்கள் எழுதிக் கொடுத்தது பொய். இதற்கு ஒரு பதில், அதற்கு ஒரு கேள்வி என்று மாதங்கள் ஓடின.

அதற்குள் அமெரிக்காவில் ஏதோ பேங்க் கவிழ்ந்து, அதன் பின்னாலேயே ஐரோப்பாவில் பாக்டரிகள் படுத்துவிட்டன. ஓடாத பாக்டரிக்கு ஏது புகை? அவனுக்கே புகையில்லாதபோது நம் ஊர் நாற்றத்தை எவன் வாங்குவான்? கார்பன் விலை விழுந்துவிட்டது, இந்த விலைக்குக் குளத்தை மூடினால் கட்டுப்படியாகாது என்று மேனேஜர் சொன்னார். திட்டத்தைக் கைவிட்டீர்களா என்றால் அதுவும் இல்லை. நிலுவையில் இருக்கிறதாம்.

"சரி, சக்கரத்தையாச்சும் ஓட விடுங்க" என்றேன்.

"திட்டம் நிலுவையில இருக்கும்போது குளத்தைத் தொடக் கூடாது சார். அளந்த கணக்கு மாறிப்போகும்."

ஆர்டர் கொடுத்த ஆபீசுக்கு ரோசலினைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி புதியவர். நல்லவிதமாகத்தான் பேசினார். "நீங்களே வாபஸ் வாங்கியிருக்கீங்களேம்மா. முடிச்சு வச்சதை நான் எப்படித் தொறக்கிறது? புதுசா மனு குடுங்க, மறுபடியும் முதல்ல இருந்து பாப்போம்" என்றார். மதியழகனுக்குப் போன் போட்டால், "புது மனு குடுத்தா திட்டம் அடியோட செத்துருமுங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றான். உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்பது இதுதான். யாரைப் பிடித்து உலுக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் நிறைய ஆட்கள், எல்லார் கையிலும் டிக்கெட் இருக்கிறது. எல்லாரும் சரியாகத்தான் பேசுகிறார்கள். நாற்றம் மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

கரையில் கிடந்த ஷீட்டில் ஒரு துண்டை அறுத்துக்கொண்டு வந்து கருப்பணன் தன் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டான். நான் முறைத்தேன். "என்ன செக்கிங் அப்படிப் பாக்குறீரு? ஒரு சொட்டு ஒழுகலைய்யா" என்றான். கார்பன் மார்க்கெட்டால் எங்கள் ஊரில் சுகப்பட்டது அந்தக் கொட்டகையில் நிற்கிற அவனுடைய கிடேரி மாடு ஒன்றுதான்.

இதற்கு நடுவில்தான் ரீனா மறுபடியும் உண்டாகியிருந்தாள். செய்தி வந்த அன்று ரோசலின் சந்தோஷப்பட்டாளா பயந்தாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடியும் சுக்கு, மிளகு என்று சேர்க்க ஆரம்பித்தாள். பின்னறை ஜன்னலுக்கு இரட்டைத் துணி கட்டினாள். காலையும் மாலையும் சாம்பிராணி போட்டுப் பார்த்தாள். நாற்றத்தோடு சாம்பிராணி சேர்ந்தால் அது இன்னொரு நாற்றமாகத்தான் இருந்தது. "மூக்குக்குத் தெரியுதா, சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்துவாள். நான், "முன்னைக்குப் பரவாயில்ல" என்பேன். பொய் என்று அவளுக்குத் தெரியும்.

ஏழாம் மாதம் சரியாக ஆனியில் வந்து நின்றது. மேல்காற்று கிளம்பிவிட்டது. ஒரு சாயங்காலம் ரீனா போன் செய்தாள். ரோசலின் மாவு பிசைந்த கையோடு இருந்ததால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

"அம்மா, இந்தத் தடவ நான் வாரேன். அத்தைகிட்டயும் சொல்லிட்டேன், அவுகளும் சரின்னுட்டாக. வாந்திக்கு டாக்டரம்மா நல்ல மாத்திரை எழுதிக் குடுத்திருக்கு. மூக்கைக் கட்டிக்கிட்டாவது ஒங்கூடத்தான் இருப்பேன். கட்டாயம் வாரேம்மா."

அந்தக் குரலில் ஒரு பிடிவாதம் இருந்தது. அவள் அம்மாவின் பிடிவாதம். ரோசலின் எவ்வளவு காலமாகக் கேட்க ஆசைப்பட்ட பேச்சு அது! முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவள் திரும்பிப் பின்னறையைப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவர், விரித்த கட்டில், ஜன்னலில் உப்பி உப்பி அடங்குகிற துணி. அந்தத் துணியைத் தாண்டி நாற்றம் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓங்கரித்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தோடு படுத்துக் கிடந்த பிள்ளை அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"வேணாம் தாயி" என்றாள்.

"என்னம்மா? நீதான..."

"வேணாம்த்தா. வயித்துப் புள்ளைக்கு ஆகாது. அங்கனயே இரு. இங்கதான் வரணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல."

ரீனா அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. யார் மேலாவது கோபப்பட முடியுமா என்று தேடினேன், ஒருத்தரும் அகப்படவில்லை. ரோசலின் மாவுக் கையின் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்குக் கிட்டத்தில் குனிந்தாள்.

"அழுவாதத்தா. நான் அங்க வாரேன். ஒங்க அத்தைகிட்ட உப்பு எங்கன இருக்கு, புளி எங்கன இருக்குன்னு மட்டும் நீ முன்னாடியே கேட்டு வச்சுக்க."